வீட்டுக் கணக்க வச்சே பைத்தான் படிக்கலாம், நம்ம நெல்லைப் பிள்ளைகளுக்கு

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற பைத்தான் மொழிய படிக்கணும், எங்க இருந்து ஆரம்பிக்கன்னு தெரியலன்னு கேக்குற தம்பி தங்கச்சிமாருக்கு எல்லாம் நான் ஒண்ணேதான் சொல்லுதேன், வீடியோவ ஓடவிட்டு பாத்துக்கிட்டே இருக்காதிய, உங்க வீட்டுல தெனமும் எண்ணிக்கிட்டிருக்க ஏதாவது ஒரு கணக்க எடுத்து அத எழுத ஆரம்பிங்க. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம்னா அம்மாவோ ஆச்சியோ சித்தியோ பீடி சுத்துற வீடு நெறைய, அந்த வாரக் கூலிக் கணக்கே போதும். வயக்காடு இருக்க வீடுன்னா காலைல பேப்பர எடுத்தா பாபநாசம் அணை மட்டம் எவ்வளவுன்னுதான் மொதல்ல பாப்பாவ, அதுவும் போதும். இந்த ரெண்டையும் வச்சே கீழ எழுதியிருக்கேன், உக்காந்து கூடவே டைப் பண்ணிக்கிட்டே படிங்க, சும்மா வாசிச்சா ஒண்ணும் ஒட்டாது.

மொதல்ல மொழியப் பத்தி ரெண்டு வார்த்த. கைடோ வான் ராசம்னு நெதர்லாந்துக்காரர் 1989 டிசம்பர் லீவுல எழுத ஆரம்பிச்சது, அப்போ அவரு ஆம்ஸ்டர்டாம்ல ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்துல வேல பாத்தாரு, 1991 பிப்ரவரில மொத வெர்ஷன் வெளிய வந்துச்சு. நமக்கு முக்கியமான வருஷம் 2008, அப்போதான் பைத்தான் 3 வந்துச்சு. பழைய பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1லயே சப்போர்ட்ட நிறுத்திட்டாவ. அதனால நீங்க பாக்குற வீடியோல பிரிண்ட்டுக்குப் (ஸ்க்ரீன்ல காட்டச் சொல்ற கட்டளை) பொறவு அடைப்புக்குறி இல்லாம எழுதியிருந்தா அது பழசு, அத விட்டுருங்க. பைத்தான் 3ல இன்னொரு நல்ல விஷயம், தமிழ் எழுத்து அதுக்கு அந்நியம் கிடையாது. எண்ணோ எழுத்தோ போட்டு வைக்கிற ஒரு பொட்டிக்கு பேரு வைக்கணும்னா பீடி, கூலி, அணைன்னு தமிழ்லயே வைக்கலாம், அது பாட்டுக்கு ஓடும். இது நெறைய பேருக்கு தெரியல, தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக இங்கிலீஷ் வார்த்தையப் பாத்தே பின்வாங்குதுவ, அவ்வளவு பயப்படுறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

இங்க கோட் எல்லாத்தையும் படிக்க லேசா இருக்கட்டும்னு தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன். நீங்க டைப் பண்ணும்போது பிரிண்ட், இன்புட், இன்ட், ஃபார், இன், இஃப், எல்ஸ், டெஃப், ரிட்டர்ன், லென், சம், ரவுண்ட், ஃபுளோட், ஓப்பன், வித், இம்போர்ட், டேட்டைம் இந்த வார்த்தைகள மட்டும் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிக்கணும், அது பைத்தானோட சொந்த வார்த்த. மத்த பேரெல்லாம் இங்க இருக்க மாதிரியே தமிழ்ல அடிங்க.

சரி, எதுல டைப் பண்ண? லேப்டாப் இருந்தா பைத்தானோட சொந்த சைட்டுக்குப் போய் எறக்கிக்கிடுங்க, காசு கிடையாது. விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணும்போது மொத ஸ்க்ரீன்லயே கீழ பாத்ல சேக்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அத டிக் பண்ணாம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போயிராதிய, பொறவு கமாண்ட் விண்டோல பைத்தான்னு அடிச்சா அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லும். அண்ணன் அக்கா படிச்சப்போ குடுத்த அரசு லேப்டாப் வீட்டுல கெடந்து அதுல விண்டோஸ் 7 இருந்துச்சுன்னா புது பைத்தான் அதுல ஏறாது, 3.8 தான் கடைசி, அத தேடி எறக்குங்க, படிக்கிறதுக்கு அது தாராளம். அதே லேப்டாப்ல லினக்ஸும் இருந்தா அதத் தொறந்து டெர்மினல்ல பைத்தான்3 னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க, அநேகமா உள்ளேயே இருக்கும். இன்ஸ்டால் ஆனதும் ஐடில்னு ஒண்ணு கூடவே வரும், ஆரம்பத்துக்கு அது போதும், பெரிய பெரிய எடிட்டர் எல்லாம் இப்போ வேண்டாம். ஐடில்ல ஃபைல் மெனுல நியூ ஃபைல் குடுத்து எழுதி, சேவ் பண்ணி, எஃப் 5 அமுக்குனா ஓடும்.

லேப்டாப் இல்லையா, கவலையே படாதிய. ஆண்ட்ராய்டு போன்ல பைட்ராய்டு 3 னு ஒரு ஆப் இருக்கு, நெட் இல்லாமலே ஓடும். இல்லன்னா பிரவுசர்ல கூகுள் கோலாப், அதுக்கு ஜிமெயில் இருந்தா போதும். போன்ல எழுதுறவிய ஒண்ண மட்டும் கவனிங்க, சில கீபோர்டு மேற்கோள் குறிய வளைச்சு வளைச்சுப் போடும், பைத்தானுக்கு நேரா இருக்க குறிதான் வேணும், வளைஞ்சு இருந்தா தப்புன்னு நின்னுக்கிடும். வாட்ஸ்அப்ல கோட் அனுப்புறதும் அதே பிரச்சனதான், பெருக்கலுக்குப் போடுற நட்சத்திரக் குறி ரெண்டு இருந்தா வாட்ஸ்அப் அத போல்ட் எழுத்துன்னு எடுத்துக்கிட்டு குறிய மறைச்சிரும், அனுப்புனவனுக்கு ஒரு கோட் படிக்கிறவனுக்கு வேற கோட்னு ஆயிரும். ஃபைலா அனுப்புங்க.

இப்போ மொத வரி.

பிரிண்ட்("வணக்கம் நெல்லை")

ஓட்டுனா வணக்கம் நெல்லைன்னு வரும். கருப்பு கமாண்ட் விண்டோல ஓட்டுனா கொம்பு தனியா கால் தனியா பிரிஞ்சு தெரியலாம், அது அந்த விண்டோவுக்கு தமிழ் சேத்துக் காட்டத் தெரியாததுதான், உங்க கோட்ல தப்பு இல்ல. மேற்கோள் குறிக்குள்ள இருக்கது எழுத்து, அத பைத்தான் அப்படியே வச்சுக்கிடும். குறி இல்லாம எழுதுனா அது ஒரு பேருன்னு நெனைச்சு அந்தப் பேருல என்ன இருக்குன்னு தேடும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டா பாதி எரர் வராது.

அடுத்து கணக்கு. அம்மா இந்த வாரம் 4200 பீடி சுத்தி கம்பெனி கடைல குடுத்தாவன்னு வச்சுக்கிடுவோம், ஆயிரத்துக்கு கூலி 300 ரூவான்னு வச்சுக்கிடுவோம், இது உதாரணத்துக்குத்தான், உங்க வீட்டு ரேட்ட நீங்க போட்டுக்கிடுங்க.

பீடி = 4200
கூலி = 300
பிரிண்ட்(பீடி / 1000 * கூலி)

விடை 1260.0 னு வரும். அந்தப் புள்ளி சைபர் ஏன் வந்துச்சுன்னா, ஒத்த சாய்கோடு போட்டு வகுத்தா பைத்தான் எப்பவும் தசமமாத்தான் விடை குடுக்கும், மீதி இல்லாம வகுபட்டாலும் சரி. ரெண்டு சாய்கோடு போட்டா முழு எண்ண மட்டும் குடுக்கும், சதவீதக் குறி போட்டா மீதியக் குடுக்கும். 4250 // 1000 போட்டா 4, 4250 % 1000 போட்டா 250. அதாவது முழுசா நாலு ஆயிரம், உதிரி 250. இத கையால நாலஞ்சு எண்ணுக்கு போட்டுப் பாருங்க.

சமக் குறியப் பத்தி ஒரு விஷயம், இங்க அது பள்ளிக்கூட கணக்குல வர்ற சமம் கிடையாது. வலது பக்கம் இருக்கத கணக்குப் பண்ணி இடது பக்கம் இருக்க பேருல வைன்னு அர்த்தம். அதனாலதான் மொத்தம் = மொத்தம் + 50 னு எழுதுனா பைத்தான் சண்டைக்கு வராது, பழைய மொத்தத்தோட 50 சேத்து அதே பேருல வச்சிரும். ரெண்டும் சமமான்னு கேக்கணும்னா ரெண்டு சமக் குறி போடணும்.

தெனமும் எண்ண கோட்டுக்குள்ள போய் மாத்திக்கிட்டா இருக்க முடியும், ஆள்கிட்ட கேக்கணும்லா, அதுக்கு இன்புட்.

பீடி = இன்புட்("இந்த வாரம் எத்தன பீடி? ")
பிரிண்ட்(பீடி * 2)

ஓட்டி 4200 னு அடிச்சுப் பாருங்க. 8400 வரணும்லா, வராது, 42004200 னு வரும். புதுசா படிக்கிற எல்லாருக்கும் இந்த எடத்துலதான் கொழப்பம் வரும், அதனால கொஞ்சம் நின்னு சொல்லுதேன். கீபோர்டுல இருந்து எது வந்தாலும் இன்புட் அத எழுத்தாத்தான் எடுத்துக்கிடும், நீங்க அடிச்சது நம்பர்னு அதுக்குத் தெரியாது. எழுத்த ரெண்டால பெருக்கச் சொன்னா ரெண்டு தடவ எழுதிக் காட்டும். அதே எழுத்த 1000 ஆல வகுக்கச் சொன்னா முடியாதுன்னு டைப் எரர் போடும். தீர்வு லேசு, இன்ட்னு சுத்தி ஒரு அடைப்பு.

பீடி = இன்ட்(இன்புட்("இந்த வாரம் எத்தன பீடி? "))

இப்போ அது முழு எண். தசமம் வரும்னா இன்ட்டுக்குப் பதிலா ஃபுளோட். இனிமே ஏதாவது கணக்கு வினோதமா வந்துச்சுன்னா மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இது எண்ணா எழுத்தா?

எரர் வந்தா செவப்பு செவப்பா இங்கிலீஷ்ல நாலஞ்சு வரி வரும், பிள்ளைக அதப் பாத்ததும் மூடி வச்சிட்டுப் போயிருதுவ. அப்படிப் பண்ணாதிய, அது திட்டுறது கிடையாது, எங்க தப்பு இருக்குன்னு வழி சொல்லுது. எப்பவும் கடைசி வரிய மொதல்ல படிங்க, அங்கதான் என்ன வகை எரர்னு இருக்கும். நேம் எரர்னா நீங்க சொன்ன பேரு அதுக்குத் தெரியல, எழுத்துப் பிழை இருக்கும், இல்ல மேற்கோள் குறிய விட்டிருப்பிய. டைப் எரர்னா எண்ணையும் எழுத்தையும் கலந்திருக்கிய. சின்டாக்ஸ் எரர்னா அடைப்பு மூடல, இல்ல முக்காப்புள்ளி போடல. பொறவு மேல வந்து எத்தனாவது லைன்னு பாருங்க, சின்டாக்ஸ் எரர்ல அந்த லைன் சரியா இருந்துச்சுன்னா அதுக்கு மேல் லைன்ல தேடுங்க, அடைப்ப மூடாம விட்டது அநேகமா அங்கதான் இருக்கும். எரர் படிக்கப் பழகுறதுதான் பைத்தான்ல நெசமான படிப்புன்னு நான் நெனைக்கேன், சர்டிபிகேட் வாங்குறவன எல்லாம் விட எரர் படிக்கத் தெரிஞ்சவன் வெரசா முன்னேறுவான்.

வாரத்துல ஒவ்வொரு நாளும் எவ்வளவுன்னு தனித்தனியா வேணும்னா லிஸ்ட். சதுர அடைப்புக்குள்ள கமா போட்டு.

வாரம் = [700, 650, 0, 800, 720, 600]

அந்த சைபர், சொந்தத்துல கல்யாணம், அன்னைக்கு சுத்தலன்னு வச்சுக்கிடுங்க. வாரம்[0] ன்னா மொத நாள், 700. ஆமா, பைத்தான் சைபர்ல இருந்துதான் எண்ணும். ஆறு நாளுக்கு கடைசி நம்பர் 5, வாரம்[6] னு கேட்டா அப்படி ஒரு நாளே இல்லன்னு இன்டெக்ஸ் எரர். கடைசி நாள் வேணும்னா வாரம்[-1] னு கேக்கலாம், இது பைத்தான்ல ஒரு வசதி. லென்(வாரம்) போட்டா 6, சம்(வாரம்) போட்டா 3470. ஒத்த வார்த்தைல கூட்டுத்தொகை வந்துருச்சு, ஆனாலும் அந்தக் கூட்டல நாமளே ஒருக்கா எழுதிப் பாத்தாதான் லூப், அதாவது ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்றது, விளங்கும்.

மொத்தம் = 0
ஃபார் நாள் இன் வாரம்:
    மொத்தம் = மொத்தம் + நாள்
பிரிண்ட்(மொத்தம்)

ஃபார் வரி முடிவுல முக்காப்புள்ளி, அடுத்த வரி நாலு ஸ்பேஸ் உள்ள தள்ளி. வேற மொழி பலதுல சுருள் அடைப்பு போட்டு எது உள்ள எது வெளியன்னு சொல்லுவாவ, பைத்தான்ல அந்த ஸ்பேஸ்தான் சொல்லுது. இது அழகுக்கு இல்ல, அர்த்தத்துக்கு. கடைசி பிரிண்ட் வரியவும் நாலு ஸ்பேஸ் உள்ள தள்ளிப் பாருங்க, 700, 1350, 1350, 2150, 2870, 3470 னு ஆறு தடவ வரும், ஏன்னா இப்போ பிரிண்டும் லூப்புக்குள்ள போயிருச்சு. வெளிய இழுத்தா ஒரே தடவ 3470. கோட்ல ஒரு எழுத்து மாறல, எடம் மட்டும்தான் மாறிச்சு. இந்த ரெண்டையும் ஓட்டிப் பாக்காம அடுத்ததுக்குப் போகாதிய. டேப்பையும் ஸ்பேஸையும் கலக்காதிய, ஏதாவது ஒண்ணு, நாலு ஸ்பேஸ்னு வச்சுக்கிட்டா ஊரோட ஒத்துப்போகும்.

இப்போ அணைக்கு வருவோம். பேரும் எண்ணும் ஜோடியா வர்ற விஷயத்துக்கு டிக்ஷனரி, இது சுருள் அடைப்பு. பாபநாசம் அணை உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இது நம்ம பக்கம் எல்லாருக்கும் மனப்பாடம். இன்னைக்கு மட்டம்னு கீழ இருக்கது சும்மா நான் போட்டது, நீங்க அன்னைக்குப் பேப்பரப் பாத்துப் போடுங்க.

உயரம் = {"பாபநாசம்": 143, "சேர்வலாறு": 156, "மணிமுத்தாறு": 118}
இன்னைக்கு = {"பாபநாசம்": 121.5, "சேர்வலாறு": 134, "மணிமுத்தாறு": 114.2}
ஃபார் பேரு இன் உயரம்:
    மீதி = உயரம்[பேரு] - இன்னைக்கு[பேரு]
    பிரிண்ட்(பேரு, மீதி)

பாபநாசம் 21.5, சேர்வலாறு 22, சரி. மணிமுத்தாறு 3.8 வரணும், ஆனா 3.799999999999997 னு வரும். பைத்தான் கணக்கு தப்பாப் போடுதுன்னு நெனைக்காதிய, கம்ப்யூட்டர் எண்ண எல்லாம் ரெண்டடிமானத்துல, அதாவது 0, 1 ரெண்ட மட்டும் வச்சு எழுதி வைக்குது, நமக்கு மூணுல ஒண்ண தசமத்துல எழுதுனா 0.333ன்னு முடியாமப் போவுதுல்லா, அதே மாதிரி 0.2 அதுக்கு முடியாது, ஒரு எடத்துல வெட்டிருது. சி, ஜாவா எல்லாத்துலயும் இதே கததான். காட்டும்போது ரவுண்ட்(மீதி, 1) னு போட்டா 3.8. காசு கணக்கு எழுதுறவிய மட்டும் ரூவாய தசமத்துல வைக்காம பைசாவா முழு எண்ணுல வச்சா நிம்மதி.

நெறையப் போற அணைய மட்டும் சொல்லணும்னா இஃப். மேல இருக்க ஃபார் லூப்போட கடைசி பிரிண்ட்ட எடுத்துட்டு இதப் போடுங்க.

    இஃப் மீதி < 5:
        பிரிண்ட்(பேரு, "நெறையப் போவுது")
    எல்ஸ்:
        பிரிண்ட்(பேரு, "இன்னும்", ரவுண்ட்(மீதி, 1), "அடி இருக்கு")

லூப்புக்குள்ள இஃப், இஃப்புக்குள்ள பிரிண்ட், அதனால பிரிண்ட்டுக்கு எட்டு ஸ்பேஸ். எல்ஸ் எந்த இஃப்போட சேருதுன்னு பாக்குறதுக்கு நேரா மேல கண்ண ஓட்டுனா போதும், ஒரே எடத்துல ஆரம்பிக்கும். டிக்ஷனரில ஒண்ணு கவனிங்க, பேர ஒரு எழுத்து மாத்தி எழுதுனாலும் கீ எரர் வரும், ஒரு எடத்துல சேர்வலாறு இன்னொரு எடத்துல சேர்வலார்னு எழுதுனா பைத்தானுக்கு அது வேற வேற அணை.

அம்மாவுக்கு ஒரு கணக்கு, சித்திக்கு ஒரு கணக்கு, ஆச்சிக்கு ஒரு கணக்குன்னு அதே வகுத்தல் பெருக்கல திரும்பத் திரும்ப எழுத வேண்டாம், ஒருக்கா ஃபங்ஷனா எழுதி வச்சுக்கிடலாம்.

டெஃப் வாரக்கூலி(பீடி, ரேட்):
    ரிட்டர்ன் பீடி / 1000 * ரேட்

பிரிண்ட்(வாரக்கூலி(4200, 300))
பிரிண்ட்(வாரக்கூலி(3470, 300))

ரிட்டர்னும் பிரிண்ட்டும் ஒண்ணு கிடையாது. பிரிண்ட் ஸ்க்ரீன்ல காட்டும், அவ்வளவோட சரி. ரிட்டர்ன் விடைய கைல குடுக்கும், அத வாங்கி இன்னொரு கணக்குல சேக்கலாம், மாசம் முழுக்க கூட்டலாம். ரிட்டர்ன் போட மறந்தா நன் னு ஒண்ணு வரும், ஒண்ணுமில்லன்னு அர்த்தம், அதப் பாத்தா ஃபங்ஷன் கடைசி வரிய பாருங்க. நாளைக்கு கூலிய ஏத்துனா ரேட் எடத்துல எண்ண மாத்துனா போதும், கம்பெனில சரியில்லன்னு தள்ளுற பீடிய கழிக்கணும்னா ஃபங்ஷனுக்குள்ள ஒரே எடத்துல மாத்துனா எல்லாருக்கும் மாறிரும்.

தமிழ்ல வேல செய்யணும்னு ஆசப்படுறவியளுக்கு ஒரு சோதன. லென்("நெல்லை") போட்டுப் பாருங்க. நமக்கு நெ, ல், லை, மூணு எழுத்து. பைத்தான் 6 னு சொல்லும். யூனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் குடுத்து வச்சிருக்க முறைல, ந தனி, கொம்பு தனி, ல தனி, புள்ளி தனி, மறுபடியும் ல, பொறவு ஐகாரக் குறி, அதான் ஆறு. அந்தாதி விளையாட்டு, குறுக்கெழுத்து, வெண்பா அசை பிரிக்கிறதுன்னு தமிழ் புரோகிராம் எழுதணும்னா இது தெரிஞ்சே ஆகணும். ஓப்பன்-தமிழ்னு ஒரு இலவச லைப்ரரி இருக்கு, பிப்னு சொல்ற டூல் மூலமா இன்ஸ்டால் பண்ணலாம், தமிழ் எழுத்த தமிழ் எழுத்தாவே பிரிச்சுக் குடுக்கும். எழில்னு தமிழ்லயே கட்டளை எழுதுற ஒரு நிரல்மொழி கூட இருக்கு, அத எழுதுனது பைத்தான்லதான். இந்த மாதிரி சோலிக்கு நம்ம பிள்ளைக நெறைய வரணும், அது என் ஆச.

கோர்ஸ் பத்திக் கேக்காவ, சேரலாமா அண்ணாச்சின்னு. ஆயிரக்கணக்குல காசு கட்டி சேருறதுக்கு முன்னாடி மேல இருக்க அத்தனையும் பாக்காம எழுத வருதான்னு பாருங்க. ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடப்புத்தகத்துலயே பைத்தான் இருக்கு, தமிழ் மீடியம் புத்தகமும் இருக்கு, பிடிஎஃப் காசில்லாமக் கெடைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட கேட்டாலும் குடுக்கும். அதுல லிஸ்ட், டிக்ஷனரி, ஃபங்ஷன், சிஎஸ்வி ஃபைல், டேட்டாபேஸ் வரைக்கும் போவுது. இதெல்லாம் முடிச்சப் பொறவும் ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தாதான் ஆகும்னு தோணுனா அப்போ போங்க.

கடைசியா ஒண்ண சொல்லிருதேன், கணக்க சேத்து வைக்கிறது. புரோகிராம மூடுனா எல்லாம் போயிரும், அதனால ஃபைல்ல எழுதணும். ஓப்பன்னு ஒரு கட்டளை, அதுக்கு மூணு விஷயம் குடுக்கணும். ஃபைல் பேரு, எப்படித் தொறக்கணும், எந்த என்கோடிங், அதாவது எழுத்த ஃபைல்ல எந்த முறைல வைக்கணும். தொறக்கிறதுக்கு இங்கிலீஷ் சின்ன எழுத்து ஏ குடுத்தா பழசுக்கு அடியில சேத்து எழுதும், டபிள்யூ குடுத்தா பழசு மொத்தத்தையும் அழிச்சிட்டு புதுசா எழுதும், அதனால கணக்குக்கு எப்பவும் ஏ. என்கோடிங்ல யூடிஎஃப்-8 னு நீங்களே எழுதிக் குடுங்க, விண்டோஸ்ல அத விட்டா தமிழ எழுதும்போது சார்மேப்னு ஒரு எரர் வந்து நிக்கும், லினக்ஸ்ல ஓடுன அதே கோட் விண்டோஸ்ல ஓடலன்னு சொல்லுறதுக்கு அநேகமா இதுதான் காரணம். ஒவ்வொரு வரி முடிவுலயும் பின்சாய்கோடும் என் எழுத்தும் சேத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டாதான் அடுத்த வரிக்கு எறங்கும், இல்லன்னா எல்லாம் ஒரே வரில ஒட்டிக்கிடும். ஃபைல மூட மறக்காம இருக்க வித்னு ஆரம்பிச்சு எழுதுங்க, அது வேல முடிஞ்சதும் தானா மூடிரும்.

தேதி, பீடி, கூலின்னு கமா போட்டு ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுனா அதுதான் சிஎஸ்வி, எக்செல்ல தொறந்தாலும் தொறக்கும். தேதிய கையால அடிக்க வேண்டாம், டேட்டைம்னு ஒரு மாட்யூல் பைத்தான் கூடவே வருது, இம்போர்ட் பண்ணி இன்னைக்குத் தேதிய வாங்கிக்கிடலாம். மாசக் கடைசில அந்த ஃபைல படிச்சு மொத்தம் போட்டு, அம்மாவோட பாஸ்புக்குல ஏத்தியிருக்க எண்ணோட வச்சு சரி பாருங்க, வித்தியாசம் வந்துச்சுன்னா எந்த தேதில வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு இஃப் எழுதுங்க.